டிரையருக்கு மேலே வைத்த பாதிச் சாவி

போன மாதம் உங்கள் குன்னூர் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "சார், நம்ம ரெக்கார்டையெல்லாம் பூட்ட 128 பிட் சாவி போதுமா, 256 போட்டுரலாமா?" டீ ஆறுகிறது என்று சொல்லி நழுவிவிட்டேன். பெர்ன்ஹில் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் முழுக்க அந்தக் கேள்வி என் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தது. அனுபவம் எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டதற்கும் அதற்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க மாட்டீர்கள். நினைக்க வேண்டாம்.

நான் இருபத்தைந்து வருடம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் பார்த்தவன். குன்னூருக்கு மேலே, மழை பெய்தால் மூன்று நாளைக்கு வெயில் காணாத ஊர். எஸ்டேட் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்கள் கையில் இருந்த சொத்து ஒன்றே ஒன்றுதான். கப்பலில் இறங்கி வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்த போட்டோ ஒட்டியிருக்கும். நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம் என்று சர்க்காருக்குச் சொல்ல அவர்களிடம் வேறு தாள் கிடையாது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீடுகளில் கூரை ஒழுகும். துணிப்பெட்டிக்குள் வைத்த தாளுக்கும் பூஞ்சை வந்துவிடும். அதனால் அட்டையை எஸ்டேட் ஆபீஸ் பீரோவில் கொடுத்து வைப்பது அங்கே பழக்கம். ஆபீசும் ஊறித்தான் இருந்தது, ஆனாலும் பீரோ இரும்பு. பீரோவிலும் ஓரங்கள் கறுக்க ஆரம்பித்தபோது எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நாற்பது சொச்சம் குடும்பங்கள். அதில் ஒருத்தர் பாக்கியம். கொழுந்து எடுக்கிறவர். கைக்குழந்தையாக அம்மா மடியில் உட்கார்ந்து அந்தப் போட்டோவில் இருப்பவர். ஸ்கேன் செய்த அன்று, "ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுங்களா அய்யா?" என்று கேட்டார்.

"எதுக்கும்மா? ஜெராக்ஸ் மங்கிப் போயிரும். இது எந்தக் காலத்துலயும் போகாது" என்றேன் நான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது அந்தக் கோப்புகளைப் பூட்டியிருந்தது ஒரு பழைய மென்பொருள். 56 பிட் சாவி. பக்கத்து எஸ்டேட் ஒன்றில் யாரோ ஒரு புரோக்கர் இப்படிப்பட்ட அட்டைகளைக் காப்பி எடுத்து, வேறு ஆட்களின் பெயரில் காட்டி மாட்டிக்கொண்டான். உடனே எங்களுக்குத் தணிக்கை வந்தது. வந்த பையன் என் திரையைப் பார்த்துச் சிரித்தான். "சார், இதை இன்னிக்கு ஒரு நாள்ல உடைச்சிருவாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வயதில் அந்த மாதிரிச் சிரிப்பைத் தாங்குவது கஷ்டம்.

கோயம்புத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். பாடம் நடத்திய அம்மாவின் பெயர்கூட எனக்கு இப்போது நினைவில்லை. பிளாக் சைபர் என்பது தகவலைச் சின்னச் சின்னக் கட்டியாக வெட்டி ஒவ்வொரு கட்டியையும் குழப்பிவிடுகிற வேலை, பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவிதான் என்று சொன்னார். சாவியில் ஒரு பிட் கூடினால் திருடனின் வேலை இரண்டு மடங்காகும் என்றும் சொன்னார். நான் எழுந்து, 256தானே இருப்பதிலேயே பெரிது என்று கேட்டேன்.

"உங்க வேலைக்கு 128 தாராளம்ங்க" என்றார் அவர். "பூட்டு எத்தனை பெருசுன்னு திருடன் கவலைப்படட்டும். சாவி எங்க இருக்குதுன்னு நீங்க கவலைப்படுங்க."

தலையாட்டினேன். ஊருக்கு வந்து 256 போட்டேன். காரணம் வேறொன்றும் இல்லை, அந்தத் தணிக்கைப் பையனின் சிரிப்புத்தான்.

பழைய 56 பிட் பூட்டில் இருந்த பிரதியை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அதையும் ஒழுங்காகச் செய்தேன். மேலே மேலே மூன்று முறை எழுதி அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டேன். என் சர்வீசில் நான் மிகச் சுத்தமாகச் செய்த வேலை அதுதான்.

இனி சாவி. எஸ்டேட்டில் பூச்சிமருந்து ஸ்டோருக்கு எப்போதும் இரட்டைப் பூட்டு. ஒரு சாவி மேனேஜர் பங்களாவில், இன்னொன்று ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் கையில். இரண்டு பேரும் வந்தால்தான் கதவு திறக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு, ஒருநாளும் கெட்டதில்லை. அதையே நானும் செய்தேன். எழுத்துக்கு நான்கு பிட் என்ற கணக்கில் 256 பிட் சாவியை எழுதினால் அறுபத்து நான்கு எழுத்து வரும். முதல் முப்பத்திரண்டு மேனேஜருக்கு, மீதி முப்பத்திரண்டு டீமேக்கருக்கு. முழுச் சாவி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் மட்டும். கோப்புகளின் காப்பு டிஸ்க் குன்னூரில், பூட்டியபடி. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

கையால் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை நான் எழுதிய 8-ஐ நானே B என்று படித்து அரை நாள் திண்டாடியிருக்கிறேன். எனவே மூட்டைகளுக்கு லேபிள் அடிக்கிற மெஷினில் அச்சடித்தேன். எழுத்து பளிச்சென்று விழுந்தது. டீமேக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேட்டுப்பாளையத்துக்காரர், அளந்து பேசுகிற மனுஷர். லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதைய எங்க வெக்கறது?"

"எங்கயாவது வைங்க. ஈரம் மட்டும் படக்கூடாது. இந்த ஊருல எதை வெச்சாலும் பூத்துப் போயிருதே."

"அப்ப ஒரே எடந்தானுங்க இருக்குது" என்றார். லேபிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. வருடா வருடம் காப்பு டிஸ்க்கைச் சோதித்தேன், தேதி போட்டேன், கையெழுத்துப் போட்டேன். அந்த லேபிளைக் காட்டுங்கள் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அப்புறம் அந்த மழை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த மலையில் எல்லோருக்கும் ஒரு மழை இருக்கிறது. ஆபீசுக்குப் பின்னாலிருந்த மண்சுவர் காலை நேரத்தில், ஆள் வருவதற்கு முன்னால், உள்ளே சரிந்தது. பீரோ நசுங்கி அதற்குள் சேறு. அட்டைகள் கூழாகிவிட்டன. கம்ப்யூட்டரும் அதே அறையில்தான் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன், "ஒண்ணும் போகல. டிஸ்க் குன்னூர்ல இருக்கு."

அந்த மழையில் பாக்கியம் இருந்த கீழ் லைனுக்குப் பின்னாலும் மேடு விரிசல் விட்டிருந்தது. அங்கே இருந்தவர்களுக்கு ரோட்டோரம் வீடு கட்டிக் கொடுப்பதாக அதற்கு முன்பே ஒரு திட்டம் வந்திருந்தது. திரும்பி வந்த குடும்பம் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். சரிபார்க்க அதிகாரி பன்னிரண்டு நாளில் வருகிறார் என்று தகவல். மற்றவர்கள் எப்போதோ எடுத்த ஜெராக்ஸைத் தேடி எடுத்துவிட்டார்கள். ஜெராக்ஸ் இல்லாதவர் ஒருத்தர்தான். ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

மேனேஜரின் லேபிள் ஒரு ஃபைலுக்குள் இருந்தது. ஓரத்தில் பூஞ்சை, எழுத்து தெளிவு. ஃபாக்டரிக்குப் போனேன். டீமேக்கர் என்னைத் தேயிலை உலர்த்துகிற டிரையர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடான காற்று போகிற பெரிய தகரக் குழாய்க்கு மேலே ஒரு திட்டு. அதில் ஒரு சின்ன பிஸ்கட் டப்பா.

"எஸ்டேட்டுலயே இதையவிடக் காஞ்ச எடம் இல்லீங்க" என்றார்.

உண்மைதான். வருடம் முழுக்க ஈரமே எட்டாத இடம். டப்பா தொட முடியாமல் சுட்டது. துண்டு போட்டு இறக்கித் திறந்தோம். உள்ளே லேபிள் பத்திரமாக இருந்தது. முழுக்கக் கறுப்பாக.

லேபிள் மெஷினில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. மெஷின் எழுத்து எழுத்தாகச் சுட்டுத்தான் அச்சடிக்கிறது. டிரையர் மொத்தமாகச் சுட்டுவிட்டது. ஆயிரக்கணக்கான மூட்டைக்கு அதே காகிதத்தில் லேபிள் அடித்தவன் நான். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஈரம் என்ற ஒன்றுக்கே பயந்து பயந்து வாழ்ந்த ஊரில் சூட்டை நினைக்கத் தோன்றவில்லை.

டீமேக்கர் என் முகத்தைப் பார்த்தார். "நாந்தானுங்க கெடுத்துப்போட்டனா?"

"இல்லீங்க" என்றேன். அதை மட்டும் அன்று உண்மையாகச் சொன்னேன்.

இனிமேல்தான் உங்களுக்கான விஷயம். பாதிச் சாவி கையில் இருக்கிறதே, வேலை பாதிதானே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மேனேஜரும் அதைத்தான் கேட்டார். தேயிலைக் காட்டுக்குள் ஒத்தையடிப் பாதையில் போகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முடுக்கிலும் பாதை இரண்டாகப் பிரிகிறது. எல்லா முடுக்கிலும் சரியாகத் திரும்பினால்தான் வீடு. 56 பிட்டில் பாதி தொலைந்தால் இருபத்தெட்டு முடுக்கு. என் வீட்டுக் கம்ப்யூட்டர் நான் ஒரு டீ போட்டுக் குடிப்பதற்குள் எல்லாப் பாதையிலும் நடந்து பார்த்துவிடும். 256-இல் பாதி தொலைந்தால் நூற்றிருபத்தெட்டு முடுக்கு. உலகத்தில் இருக்கிற அத்தனை கம்ப்யூட்டரும் சேர்ந்து நடந்தாலும் இந்த மலை கரைந்து தீர்வதற்குள் முடியாது. நான் அழித்துக் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய பிரதி, ஒரு நாளில் உடைக்கலாம் என்று பையன் சிரித்த அதே பிரதி, அன்று இருந்திருந்தால் பாக்கியத்துக்கு வீடு கிடைத்திருக்கும்.

இதெல்லாம் டப்பாவைத் திறந்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். கணக்குப் போடக்கூட வேண்டியதில்லை. முடிந்தது என்று அங்கேயே தெரியும்.

ஆனால் நான் என்ன செய்தேன்? லேபிளை வெளிச்சத்தில் பிடித்தேன். சாய்த்துப் போட்டோ எடுத்தேன், கறுப்பைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். மடித்திருந்த ஒரு ஓரத்தில் நான்கு எழுத்து தெரிந்தது. நான்கு எழுத்து என்றால் பதினாறு முடுக்கு தாண்டியாயிற்று. மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு. அதுவும் முடியாததுதான். கிணற்றில் விழுந்தவன் நான்கு அடி குறைவாக விழுந்தால் என்ன. ஆனால் பாக்கியம் காலையில் பெயர் கொடுக்கிற மஸ்டருக்கு வந்து நின்று, "அய்யா, கெடைச்சுதுங்களா?" என்று கேட்டபோது நான் சொன்னது இது:

"கொஞ்சம் கிடைச்சிருக்கும்மா. நாலு எழுத்து வந்திருச்சு."

"எத்தனைக்குங்க?"

"முப்பத்திரண்டு."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப ஒரு நாளைக்கு நாலுன்னாலும் எட்டு நாளு. அதுக்குள்ளாற வந்துருங்களா?"

"பாக்கலாம்மா" என்றேன்.

அடுத்த நாட்களில் தினமும் வந்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நிற்பார். நான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்திருந்தேன், எண்கள் மேலே மேலே ஓடும். பயனில்லாத ஓட்டம். அவர் பார்ப்பதற்காகவே அதை ஓட விட்டேன் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

அதிகாரி வந்த நாள் மஸ்டர் ஷெட்டில் மேசை போட்டிருந்தார்கள். நல்ல மனுஷர், எரிந்து விழவில்லை. பாக்கியத்தின் முறை வந்தது. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குப் பக்கத்தில் மேனேஜர். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அட்டை அழிஞ்சு போச்சா, இருக்குதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அழிஞ்சு போச்சுன்னா அதுக்கு வேற வழி இருக்கு. கூட வந்தவங்க ரெண்டு பேரு சாட்சி, ஒரு உறுதிமொழி, நான் எழுதிக்கறேன். இருக்குன்னா, அட்டையைக் கொண்டாங்க."

இதைவிட எளிமையான கேள்வியை என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. இரண்டு வார்த்தைதான் பதில். அந்த இரண்டு வார்த்தையையும் என்னால் சொல்ல முடியவில்லை. டிஸ்க் இருந்தது. கோப்பு இருந்தது. ஒரு பிட் கெடவில்லை. அழிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று என் மூளை வக்கீல் மாதிரி வாதாடியது. அதற்கு அடியில் இருந்தது வேறு. மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். எந்தக் காலத்திலும் போகாது என்று சொன்னவன் நான். 256 போட்டவன் நான்.

"இருக்கு சார்" என்றேன். "எடுத்துட்டிருக்கோம்."

பாக்கியம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதிகாரி 'ஆவணம் பின்னர் தரப்படும்' என்று எழுதிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பின்னர் தரப்படவில்லை. பட்டியல் வந்தபோது அவர் பெயர் இல்லை. அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், நிலுவை என்று இருக்கிறதே, அழிந்ததென்று அன்றே சொல்லியிருக்க வேண்டும், பட்டியல் மூடியாகிவிட்டது என்றார். மனு மேல் மனு எழுதினேன். நான் எழுதிய எந்த மனுவிலும் உண்மை இல்லாததால் எதுவும் நிற்கவில்லை. அடுத்த வருடம் ரிட்டயர் ஆனேன். மாலை போட்டார்கள். பேச்சில், டேட்டாவைக் கண் மாதிரிக் காத்தவர் என்றார்கள்.

அதற்குப் பிறகும் குன்னூர் மார்க்கெட்டில் எப்போதாவது பாக்கியம் கண்ணில் படுவார். காய்ப்பையோடு நின்று கேட்பார், "அய்யா, அது தொறந்துச்சுங்களா?" இன்னும் இல்லம்மா என்பேன். பிறகு அவர் வருகிற நாளில் மார்க்கெட் போவதை நிறுத்தினேன்.

உங்கள் ஆபீசிலிருந்து திரும்பியதற்கு மறுநாள் காலை, அந்தப் பெண் கேட்ட கேள்வி விடாமல் அரித்ததால், எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன். கீழ் லைனில் இப்போது மூன்று வீட்டில்தான் ஆள். மற்றவர்கள் ரோட்டோரத்துக்குப் போய்விட்டார்கள். பாக்கியம் வீட்டுப் பின்சுவருக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார். மேட்டு விரிசலில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கல் வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நானாக அந்தப் படி ஏறியது அதுதான் முதல் தடவை.

"தொறந்துருச்சுங்களா அய்யா?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, லேபிள், நாலு எழுத்து, ஓடின எண்கள், அதிகாரி கேட்டது, நான் சொன்னது. அது இனி ஒருநாளும் திறக்காது, அது எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொன்னேன்.

பாக்கியம் கேட்டார். "எங்கம்மா படம் அதுக்குள்ளாறதான இருக்கு? அழிஞ்சிருச்சா, இருக்கா?"

"இருக்கும்மா. அப்படியே இருக்கு. பாக்கத்தான் முடியாது. நானும் முடியாது, யாரும் முடியாது."

பாக்கியம் முட்டுக் கொடுத்த சுவரைப் பார்த்தார்.

"கூடலூர்ல எங்க அக்கா அப்ப உசுரோட இருந்துச்சு. ஒரே கப்பல்ல வந்தவக. சாட்சின்னா ஓடியாந்திருக்கும். இப்ப அதுவும் இல்ல." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "அழிஞ்சிருச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அழுதுபுட்டு அக்காவக் கூட்டியார அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பேன் அய்யா. இருக்கு இருக்குன்னு சொல்லித்தான என்னைய இங்கனயே உக்கார வெச்சிட்டீங்க."